புதுசு போட்ட பழைய வண்டி

"அத்தை, இறங்கித் தள்ளட்டுமா? இல்ல, இங்கேயே ஒரு வீடு பார்த்துக் குடி வந்துடலாமா?"

பாலத்தின் ஏற்றத்தில் வண்டி இருமி இருமி நின்றுவிட்டிருந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹார்னில் வைத்த கையை எடுக்கவேயில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அத்தை கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை. போன மாதம் ரேடியேட்டர், அதற்கு முந்தின மாதம் கிளட்ச். இந்த மாதம் எது என்பதை வண்டியே பார்த்து முடிவு செய்யும்.

"தள்ளு," என்றாள்.

மருமகன் இறங்கித் தள்ளினான். அவன் அவளுடைய அண்ணன் மகன். முப்பத்தைந்து வயது, முன்வழுக்கை, பார்த்த வேலை அத்தனையிலும் வாயால் கெட்டவன். அண்ணன் மகனாகப் பிறந்த பாவத்துக்கு அத்தை அவனைத் தன் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளனாக வைத்துக்கொண்டாள். அவள் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்வையிடும் அதிகாரியாக இருந்தவள். இடிபட்ட வண்டியைவிட இடிபட்டதாகச் சொல்லப்பட்ட வண்டிகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். ஓய்வு பெற்ற பிறகாவது பொய் கேட்காமல் இருக்கலாம் என்று நினைத்தாள், முடியவில்லை. அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு ஊரே அவளை அத்தை என்றுதான் கூப்பிட்டது.

ஒருவழியாக எஞ்சின் உயிர் பிடித்தது. மருமகன் மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தான்.

"நம்ம வண்டியே நடக்க மாட்டேங்குது. இதுல அடுத்தவன் வண்டி ஏன் நடக்கலன்னு கண்டுபிடிக்கப் போறோம். எனக்கே சிரிப்பு வருது அத்தை."

"சிரிச்சுக்கோ. சிரிச்சுட்டு அந்தக் கதையை ஒரு தடவை திருப்பிச் சொல்லு. எனக்கு எங்கேயோ இடிக்குது."

அவன் சொன்னான். பெயிண்ட் கடைக்காரர் ஒருவர் முந்தாநாள் வந்து ஒப்படைத்த வழக்கு. அவருக்கு ஒரே தம்பி, ஆடிட்டர். இவர்களுடைய அப்பா வாங்கிப் போட்டுவிட்டுப் போன எஸ்.யூ.வி. ஒன்று இருக்கிறது. அத்தையின் வண்டியும் அதே மாடல்தான், அதே கிழம்தான். அவர்களுடைய அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். அந்தம்மா இரண்டு மாதம் மூத்தவர் வீடு, இரண்டு மாதம் இளையவர் வீடு என்று மாறி மாறி இருக்கிறார். உட்கார்ந்து எழ வசதியான வண்டி அது ஒன்றுதான் என்பதால் அம்மா எங்கேயோ வண்டியும் அங்கே. யார் முறையோ அவர்தான் ரிப்பேருக்கும் பொறுப்பு.

"போன வாரம் டயாலிசிஸ் முடிச்சு வண்டியில ஏத்தியிருக்காங்க. ஸ்டார்ட் ஆகல. பேட்டரி செத்துப்போச்சு. ஜன்னல் கண்ணாடியும் இறங்கல. தம்பிக்காரர் ஆள் தேடி ஓடியிருக்கார். அதுக்குள்ள வெயில்ல அந்தம்மா மயங்கிட்டாங்க. இன்னொரு தடவை இப்படி ஆனா உடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா அந்த பேட்டரி, அண்ணன்காரர் தன் முறையில புதுசா வாங்கிப் போட்டது. உள்ள பார்த்தா இருக்கிறது பழசு. இதுக்கு முன்னாடி டயர்லயும் இதே கதையாம். ஆக மெக்கானிக் திருடன். ஆதாரம் பிடிச்சுக் கொடுங்க, போலீஸ்ல எழுதிக் கொடுத்துக் கடையை மூட வைக்கிறேன்னு அண்ணன்காரர் துள்றார். இதுல என்ன இடிக்குது?"

"திருடுற மெக்கானிக் ஒரே வீட்டுலயா திரும்பத் திரும்பத் திருடுவான்? அவனுக்கு வேற வண்டியே வர்றதில்லையா?"

"சோம்பேறித் திருடனா இருக்கலாம்."

அத்தை ஒர்க்ஷாப் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.

ஒர்க்ஷாப் வாசலில் காத்திருப்பவர்களுக்கென்று ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் ஒரு பல் டாக்டரும் ஒரு கோழிப்பண்ணைக்காரரும், வண்டி திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையை விட்டுவிட்டவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். இருவருடையதும் அதே மாடல். அத்தையின் வண்டி உள்ளே நுழைந்ததும் சொந்தக்காரரைப் பார்த்தது போல நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

"உங்களுக்கு ஏசி போயிடுச்சா?" என்று கேட்டார் கோழிப்பண்ணைக்காரர்.

"போன வருஷமே போயிடுச்சு."

"அப்ப அடுத்தது டர்போ. எழுதி வெச்சுக்கோங்க. எஞ்சின் மட்டும் கல்லு மாதிரி இருக்கும்மா, நம்மளத் தூக்கிப் போட்டுட்டுத்தான் அது போகும். ஆனா அதைச் சுத்தி இருக்கிறதெல்லாம் உதிரும். நான் ரிப்பேருக்குக் கொட்டின காசுல இன்னொரு பண்ணையே வெச்சிருக்கலாம்."

"அப்புறம் ஏங்க வெச்சிருக்கீங்க?" என்றான் மருமகன்.

பல் டாக்டர் பெருமூச்சு விட்டார். "இவ்வளவு செலவு பண்ணிட்டு விக்க மனசு வருமா தம்பி? விக்காததனால இன்னும் செலவு பண்றேன். சொத்தைப் பல்லா இருந்தா பிடுங்கிப் போடுன்னு ஊருக்கெல்லாம் சொல்றேன். எனக்குச் சொல்ல ஆள் இல்ல."

"மெக்கானிக் எப்படி?" அத்தை குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "பழசைப் போட்டுப் புதுசுன்னு பில் போடறாராமே?"

இரண்டு பேருக்கும் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. தாமதம் செய்வார், சொன்ன நாளில் தர மாட்டார், கேட்டால் முறைப்பார், ஆனால் கை சுத்தம் என்று ஒரே குரலில் அடித்துச் சொன்னார்கள். வண்டியைத் திட்ட அவர்களுக்கு உரிமை உண்டு, மெக்கானிக்கை வெளியாள் திட்டினால் பொறுக்காது.

மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், தூங்கிப் பல நாள் ஆன முகம்.

"நீங்க யார்னு தெரியும். பெயிண்ட் கடைக்காரர் அனுப்பியிருக்கார்," என்றார். "நான் போட்டது புதுசு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எங்கிட்ட வேலை செய்யறவன் மாத்திட்டானோன்னு அவனையும் சந்தேகப்பட்டுக் கேட்டுட்டேன். அவன் அழுதுட்டு வேலையை விட்டுப் போயிட்டான். பேசாம கடையைப் பூட்டிட்டுப் போயிடலாம்னு இருக்கு."

"அந்த வண்டி எப்பெல்லாம் படுக்கும்?"

"வீடு மாறினா படுக்கும். அந்தம்மா அங்கேருந்து இங்க வந்த நாலஞ்சு நாள்ல போன் வரும், இங்கேருந்து அங்க போனாலும் வரும். போன முறை ஆடிட்டர் முன் டயர் ரெண்டும் புதுசு போட்டார். அண்ணன் வீட்டுக்குப் போனதும், 'என்னய்யா மொட்டை டயரைப் போட்டு ஏமாத்தியிருக்கே'ன்னு அவர் சண்டைக்கு வந்துட்டார். வண்டிக்கு ஏதோ தோஷம்னு நானே நினைக்க ஆரம்பிச்சுட்டேன்."

"கழட்டின பழசையெல்லாம் நீங்க என்ன பண்ணுவீங்க?"

"மத்தவங்களுதுன்னா பழைய இரும்புக்குப் போடுவேன். இவங்க விட மாட்டாங்க. ரெண்டு பேருமே பழசைக் கேட்டு வாங்கிட்டுப் போயிடுவாங்க. அவங்க அப்பா காலத்துலேருந்து அப்படித்தான். பழசைக் கையில வாங்காம மெக்கானிக் கடையை விட்டு வராதேன்னு சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கார். இல்லேன்னா நான் அதை வேற யார் தலையிலயாவது கட்டிடுவேனாம்."

வெளியே வந்ததும் மருமகன் சொன்னான். "திருடன் மாதிரி தெரியல அத்தை. திருடனா இருந்தா கடைக்கு ஒரு ஃபேனாவது வாங்கியிருப்பார்."

ஆடிட்டர் வீடு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. செருப்புகள்கூட ஒரே கோட்டில் நின்றன. போர்ட்டிகோவில் அந்தக் கிழட்டு எஸ்.யூ.வி. கழுவித் துடைத்து நிறுத்தப்பட்டிருந்தது. மாடிப்படிக்குக் கீழே வட்டமாக ஏதோ அடுக்கி, பாலிதீன் சுற்றி, அதற்கு மேல் பழைய போர்வையும் போர்த்தியிருந்தார்கள்.

"யாராவது தூங்கறாங்களா சார்?" என்றான் மருமகன்.

ஆடிட்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "பழைய டயர். முன் டயர் மாத்தினப்போ கேட்டு வாங்கிட்டு வந்தது. மெக்கானிக்கிட்ட எதையும் விடக் கூடாது. அண்ணன் உங்களை அமர்த்தினது எனக்கும் சந்தோஷம்தான். என் அம்மா அன்னைக்கு அந்த வண்டிக்குள்ள மயங்கிக் கிடந்ததை நான் பார்த்தேன். அந்த ஆளைச் சும்மா விடாதீங்க. அப்புறம், எனக்கு நேரமில்ல, அரை மணியில கிளம்பணும். டயாலிசிஸை பைபாஸ் ரோட்டுல இருக்கிற புது சென்டருக்கு மாத்திட்டேன். அங்க கூட்டம் குறைச்சல்."

குரல் நடுங்கியது. நடிப்பில்லை என்று அத்தைக்குத் தெரிந்தது. பொய் கேட்டுப் பழகிய காதுக்கு அது வேலையை இன்னும் கஷ்டமாக்கியது.

கூடத்தில் அந்தம்மா செய்தித்தாளைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிக்க முயன்றுகொண்டிருந்தார். மெலிந்து போன உடம்பு. ஆனால் முகத்தில் ஒரு குறும்பு மிச்சம் இருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பெயிண்ட்காரர் சொல்லியிருந்தார்.

"கண்ணாடி போட்டுக்கலையாம்மா? பெரியவர் புதுசா வாங்கிக் கொடுத்ததா சொன்னாரே," என்று பக்கத்தில் உட்கார்ந்தாள் அத்தை.

"அது அந்த வீட்டுக் கண்ணாடிம்மா."

"அப்படின்னா?"

"பெரியவன் வாங்கினது பெரியவன் வீட்ல இருக்கும். காது மிஷின் சின்னவன் வாங்கினது, அது இந்த வீட்ல இருக்கும்." அந்தம்மா காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். "இந்த வீட்ல எனக்குக் காது கேக்கும். அந்த வீட்ல கண்ணு தெரியும். குறை சொல்லக் கூடாது பாருங்க, ரெண்டும் நல்ல பிள்ளைங்க."

மருமகன் செய்தித்தாளை வாங்கி, தலைப்புச் செய்தியை அவருக்குப் படித்துக் காட்டினான்.

அத்தை எழுந்து போர்ட்டிகோவுக்குப் போனாள். முட்டி வலியோடு குனிந்து நாலு டயரையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். முன்னிரண்டும் புதுசு. பின்னால் இடது பக்க டயரில் அவள் கை நின்றது. டயரின் பக்கவாட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வீக்கம். வேகத்தில் போனால் எந்த நிமிடமும் வெடிக்கலாம். இப்படி வெடித்த வண்டிகளை எத்தனையோ முறை பள்ளத்திலிருந்து தூக்கியபோது அவள் பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

"ஆடிட்டர் சார், இந்த டயர் எப்போ மாத்தினது?"

"அதுவா? அண்ணன் தன் முறையில மாத்தினார், புதுசு." அவர் கிட்டே வந்து பார்த்து முகம் வெளுத்தார். "ஐயையோ! இது பழசு மாதிரியில்ல இருக்கு? பாருங்க மேடம், இதைவிட வேற என்ன ஆதாரம் வேணும்? அந்த மெக்கானிக்..."

"மெக்கானிக் கிடக்கட்டும். மருமகனே, நம்ம வண்டி ஸ்டெப்னியை எடுத்து இதுல மாட்டு. ஒரே சைஸ்தான்."

"நம்மகிட்ட உருப்படியா இருக்கிறது அது ஒண்ணுதானே அத்தை! நடுவழியில நமக்குப் பஞ்சர் ஆனா?"

"நடந்து போவோம். மாட்டுடா."

அவன் முனகிக்கொண்டே மாட்டினான். ஆடிட்டர் அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றி, சீட் பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். வண்டி தெருமுனை திரும்பும் வரை அத்தை அங்கேயே நின்றாள்.

"கண்டுபிடிச்சுட்டீங்க," என்றான் மருமகன், கையைத் துடைத்தபடி. "உங்க முகத்துல சந்தோஷமே இல்ல. அதனால சொல்றேன்."

"பெயிண்ட் கடைக்குப் போகலாம்."

பெயிண்ட் கடையில் சுவர் முழுக்க நிற அட்டைகள் தொங்கின. கடைக்காரர் பெரிய உடம்பு, பெரிய குரல். அவர்களைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"ஆதாரம் கிடைச்சுதா மேடம்? கம்ப்ளெயின்ட் எழுதி ரெடியா வெச்சிருக்கேன்."

"கிடைக்கும் போல இருக்கு." அத்தை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். "உங்க தம்பியைப் பார்த்தோம். பாவம், அவசரமா கிளம்பிட்டார். டயாலிசிஸ் சென்டரை மாத்திட்டாராம். இப்போ பைபாஸ் ரோட்டுல போயிட்டிருப்பாங்க."

பெயிண்ட்காரரின் கை நிற அட்டையிலேயே நின்றுவிட்டது.

"பைபாஸா? ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவுலதானே..."

"இல்ல, மாத்திட்டாங்க. நேரமாயிடுச்சுன்னு வேகமாத்தான் போயிருப்பார்."

அவர் போனை எடுத்தார். தம்பி எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். அம்மாவுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. அவருடைய நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை பெருகியது.

"வண்டியை எடுடா!" என்று பின்பக்கம் திரும்பி டிரைவரைப் பார்த்துக் கத்தினார். "அது தாங்காது மேடம், பைபாஸ்ல போனா தாங்கவே தாங்காது. ஊருக்குள்ள ஓட்டத்தான்... கடவுளே, எங்க அம்மா அந்தப் பக்கம்தான் உட்காருவாங்க!"

"எது தாங்காது?"

"அந்த டயர்! பின்னாடி இடது பக்கம்..."

அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் டயர்னு சொல்லவேயில்லையே," என்றாள் மெதுவாக.

அந்தப் பெரிய உடம்பு பெயிண்ட் டப்பா ஒன்றின் மேல் பொத்தென்று உட்கார்ந்தது. அவர் முகத்தைப் பார்க்க மருமகனுக்கே பொறுக்கவில்லை.

"பயப்படாதீங்க சார். இப்போ அதுல ஓடறது எங்க ஸ்டெப்னி. உங்க டயர் எங்க வண்டியில பத்திரமா இருக்கு."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கடைப் பையன்கள் பார்ப்பதைக்கூடக் கவனிக்கவில்லை. அழுது முடித்ததும் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார், நியாயம் பேச ஆரம்பித்தார்.

"திருடல மேடம். என் காசுல நான் வாங்கினது. அவன் முறையில அவன் ஓட்டித் தேய்ப்பான், நான் எதுக்கு அழணும்? அதான் வண்டியை அனுப்பறப்போ என்னுதைக் கழட்டிட்டுப் பழசை மாட்டிடுவேன். அம்மா திரும்பி வந்ததும் புதுசைத் திரும்ப மாட்டிடுவேன். பின் ரூம்ல வந்து பாருங்க, பேட்டரியை சார்ஜ் போட்டு அம்மாவுக்காகத்தான் வெச்சிருக்கேன்! அவங்க மயங்கினாங்கன்னு கேட்டப்போ எனக்கு உயிரே போயிடுச்சு. சொல்லலாம்னு போனைக் கையில எடுத்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"அதனால மெக்கானிக் தலையில போட்டீங்க."

"பேட்டரியை அவன் தலையில போட்டேன், தப்புத்தான். ஆனா அவன் நிஜமாவே திருடன் மேடம்! என் முறைக்கு வண்டி வந்தப்போ முன் டயர் ரெண்டும் மொட்டை. தம்பி புதுசு வாங்கினதை நானே பார்த்தேன். அதை யார் மாத்தினது? நானா?"

அத்தைக்குச் சொல்லவே அலுப்பாக இருந்தது. "தேஞ்சுபோன டயரை என்ன பண்ணுவாங்க சார்? தூக்கிப் போடுவாங்க. உங்க தம்பி பாலிதீன் சுத்தி, போர்வை போர்த்தி வெச்சிருக்கார். திரும்ப வேலை இருக்கிற பொருளைத்தானே அப்படிக் காப்பாத்துவாங்க? இப்போ அவர் முறை, வண்டியில புதுசு ஓடுது. அம்மா இங்க வர்ற அன்னைக்கு முதல் நாள் அந்தப் போர்வை விலகும்."

பெயிண்ட்காரருக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் குதித்து எழுந்தார்.

"அயோக்கியன்! பெத்த தாய் உட்கார்ற வண்டின்னு ஒரு ஈவு இரக்கம் வேண்டாம்? கூடப் பிறந்தவனாச்சேன்னு பார்த்தா, மனுஷனா அவன்?"

"சார், கொஞ்சம் மெதுவாத் திட்டுங்க," என்றான் மருமகன். "உங்க மேலயும் தெறிக்குது."

டயாலிசிஸ் சென்டர் வெள்ளைச் சுவரும் மருந்து வாடையுமாக இருந்தது. பெயிண்ட்காரர் கடை வேனில் புது டயரையும் பேட்டரியையும் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்து சேர்ந்தார். வாசலில் தம்பியைப் பார்த்ததும் அண்ணன் கத்த, தம்பி கத்த, காவலாளி இருவரையும் வண்டி நிறுத்தும் இடத்துக்குத் துரத்தினார். பஞ்சாயத்துப் பண்ண மருமகனை அங்கே விட்டுவிட்டு அத்தை உள்ளே போனாள்.

அந்தம்மா சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். கையிலிருந்து போன குழாயில் ரத்தம் இயந்திரத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக இரண்டு பிள்ளைகளும் கையை ஆட்டிச் சண்டை போடுவது தெரிந்தது.

"கண்டுபிடிச்சுட்டீங்களா?" என்றார் அந்தம்மா.

அத்தை ஒரு கணம் திகைத்தாள். பிறகு பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எக்ஸ்சேஞ்ச்ல வேலை பார்த்தவ நான். ரெண்டு பக்கமும் என்ன பேசறாங்கன்னு கேக்கறதுதானே என் பொழைப்பு? கிளம்பறதுக்கு முதல் நாள் போர்ட்டிகோவுல ஸ்பேனர் சத்தம் கேக்கும். ரெண்டு வீட்லயும் கேக்கும். மிஷின் இல்லாட்டியும் அந்த அளவுக்குக் கேக்கும்மா."

"தெரிஞ்சுமா அந்த வண்டியில ஏறினீங்க? இன்னைக்கு அந்த டயர் வெடிச்சிருந்தா..." அத்தைக்கு அன்று முதல் முறையாகக் கோபம் வந்தது. "பாவம் அந்த மெக்கானிக், தொழிலையே விட இருந்தார். ஒரு வார்த்தை பிள்ளைங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"டயரைப் பத்தி எனக்கு என்னம்மா தெரியும்? ஏதோ சின்னச் சின்ன சாமானைத்தான் மாத்தறாங்கன்னு இருந்தேன். மெக்கானிக் பேர் அடிபட்டதும் எனக்குத் தூக்கமே இல்ல. பெரியவன்கிட்ட, துப்பறியறவங்க யாரையாவது வை, கையும் களவுமா பிடிச்சுட்டு அப்புறம் போலீஸுக்குப் போன்னு பிடிவாதம் பிடிச்சது நான்தான். நான் சொன்னா அம்மா காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும். நீங்க சொன்னா கண்டுபிடிச்ச மாதிரி."

"சொந்தப் பிள்ளைங்களைக் கண்டிக்க எதுக்கும்மா பயம்?"

அந்தம்மா இயந்திரத்தைப் பார்த்தபடி சொன்னார். "கண்டிச்சா நிறுத்திடுவாங்க. கழட்டறதை இல்லம்மா, வாங்கறதை. இப்போ அவனவன் வீட்டுக்காகவாவது ஒண்ணு வாங்கறான். ரெண்டு மாசமாவது அது எனக்குன்னு இருக்கு. பொதுவுல வைங்கடான்னு சொன்னா யார் வாங்குவா? அவன் வாங்கட்டும்னு இவன் இருப்பான், இவன் வாங்கட்டும்னு அவன் இருப்பான். நான் பெத்த பிள்ளைங்க, எனக்குத் தெரியாதா?"

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல அத்தை நினைத்தாள். ஆறுதல் சொல்லுகிற வயதுதான் அவளுக்கும். ஆனால் அது பொய்யாகிவிடும் என்று, அந்தம்மாவின் கால் போர்வையை மட்டும் இழுத்து விட்டாள்.

கதவு திறந்தது. பிள்ளைகள் இருவரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். சண்டை ஓய்ந்து, முகம் கழுவி, சமாதானமாகியிருந்தார்கள். பின்னால் வந்த மருமகன் மட்டும் அத்தையைப் பார்த்துச் சலிப்போடு தலையை ஆட்டினான்.

"அம்மா, எங்களை மன்னிச்சிடும்மா," என்றார் பெரியவர். கண் சிவந்திருந்தது. "மெக்கானிக்குக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுட்டேன். நேர்லயும் போய்க் கேக்கறேன். உன் தலை மேல அடிச்சுச் சொல்றேன், இனிமே இந்த மாதிரி நடக்காது."

"இனி பிரச்சினையே வராதபடி ஒரு முடிவு எடுத்துட்டோம்மா," என்றார் ஆடிட்டர். ஒரு கணக்கைச் சரிக்கட்டிய நிம்மதி குரலில் தெரிந்தது. "அந்தச் சனியன் வண்டிதானே எல்லாத்துக்கும் காரணம்? வித்துடறோம். ஆளுக்குப் பாதி. அப்புறம் அவனவன் முறைக்கு அவனவன் வாடகை வண்டி வெச்சுக்க வேண்டியது."

"அண்ணன் தம்பிக்குள்ள இனி ஒரு பேச்சும் வராது," என்று பெரியவர் தலையாட்டினார். மெக்கானிக்கைத் திட்டியதை விட்டால், இத்தனை நாளில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தம்மா அத்தையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"வண்டி யார் பேர்ல இருக்கு?"

இருவரும் முழித்தார்கள். அப்பா போன பிறகு அதை அம்மா பேருக்கு மாற்றியதும், அதற்காக அலைந்ததும் அவர்களுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"உன் பேர்லதான்மா. நீ ஒரு கையெழுத்துப் போட்டா..."

"போட மாட்டேன்."

"ஏம்மா? கெட்டுப்போன வண்டியை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம்?"

"வண்டி எங்கடா கெட்டுச்சு?" என்றார் அந்தம்மா.

நர்ஸ் வந்து, நோயாளியிடம் அதிகம் பேச்சுக் கொடுக்க வேண்டாம், ஒருவர் மட்டும் உள்ளே இருந்தால் போதும் என்றாள். அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார். அத்தை எழுந்து கொடுத்த ஸ்டூல் காலியாகவே கிடந்தது. மருமகன் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டான்.